சி. எஸ். பாரஸ்டர்

சி. எஸ். பாரஸ்டர் (ஆகஸ்ட் 27, 1899 - ஏப்ரல் 2, 1966) ஓர் ஆங்கிலேயப் புதின எழுத்தாளர் ஆவார். நெப்போலியப் போர்க்காலத்துக் கடற்படை அதிகாரியான ஹொரேஷியோ ஹார்ன்புளோவர் என்னும் கற்பனைப் பாத்திரத்தைப் படைத்தவர். இப்புதினங்களைத் தழுவி 1998 முதல் 2003 வரை ஹார்ன்புளோவர் என்னும் பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடர் வெளிவந்தது.

இளமை

செசில் லூயிஸ் டிரவுட்டன் ஸ்மித் என்பது இவரது இயற்பெயர். எகிப்தின் கெய்ரோ நகரில் பிறந்த இவர், குழந்தைப் பருவத்திலேயே தாயுடன் லண்டன் சென்று அங்கேயே வளர்ந்தார். முதல் உலகப் போரில் படையில் சேர முயன்றபோது மருத்துவப் பரிசோதனையில் தேறவில்லை. பின்னர் கைஸ் மருத்துவமனையில் மருத்துவம் பயின்றாலும் பட்டம் பெறாமலேயே விலகினார். எழுத்தையே தொழிலாகக் கொண்ட இவருக்கு 1926இல் வெளியான பேமென்ட் டிஃபர்டு என்னும் குற்றப் புதினம் முதல் வெற்றியைத் தந்தது. 1935இல் வெளிவந்த தி ஆப்பிரிக்கன் குயின் 1951இல் திரைப்படமானது.

ஹார்ன்புளோவர் உருவான விதம்

1927இல் பாரஸ்டர் நேவல் கிரானிக்கிள் என்னும் பழைய இதழின் தொகுதிகள் சிலவற்றை வாங்கினார். நெப்போலியக் காலக் கடற்படை அதிகாரிகளுக்காக வெளிவந்த இவ்விதழ் மூலம் அக்காலக் கப்பல் வாழ்க்கையை நுணுக்கமாக அறிந்தார். பிற்காலத்தில் ஹாலிவுட்டில் திரைக்கதைப் பணியை விட்டு, நடு அமெரிக்கா வழியாகச் சரக்குக் கப்பலில் இங்கிலாந்து திரும்பியபோது கதை அவர் மனத்தில் உருக்கொண்டது. முதற் புதினமான தி ஹேப்பி ரிட்டர்ன் (1937) நடு அமெரிக்காவின் பசிபிக் கடற்கரையிலேயே நிகழ்கிறது.

ஹார்ன்புளோவர் கடல் நோயால் அவதிப்படுபவர்; தன் துணிவைத் தானே ஐயுறுபவர். பிறர் கண்களுக்கு வீரராகவும் தன் கண்களுக்குக் கோழையாகவும் தோன்றும் இந்த முரண்பாடே புதினங்களின் மையமாகும். 1938இல் வெளியான இரண்டாம், மூன்றாம் புதினங்களுக்கு ஜேம்ஸ் டெய்ட் பிளாக் நினைவுப் பரிசு கிடைத்தது.

போர்க்காலமும் இறுதி ஆண்டுகளும்

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா சென்ற பாரஸ்டர், பிரித்தானியாவுக்கு ஆதரவு திரட்டும் வகையில் எழுதினார். 1942இல் விமானியாக இருந்த ரோல்ட் டாலின் போர் அனுபவத்தைக் கதையாக்க விரும்பிய இவர், டால் எழுதித் தந்த குறிப்பின் தரத்தைக் கண்டு அதனையே இதழுக்கு அனுப்பினார். டால் எழுத்தாளராவதற்கு இது வழிவகுத்தது.

1943இல் தமனித் தடிப்பு நோய் இவரது நடமாட்டத்தைப் பெரிதும் குறைத்தது. எனினும் கலிபோர்னியாவில் வாழ்ந்தவாறே தொடர்ந்து எழுதினார். 1964இல் பக்கவாதத்தால் தாக்குண்டு, 1966இல் காலமானார். முற்றுப்பெறாத கடைசி ஹார்ன்புளோவர் கதை 1967இல் வெளியிடப்பட்டது.

தொலைக்காட்சித் தொடர்

பாரஸ்டர் முதலில் ஹார்ன்புளோவரைக் கப்பல் தலைவராகவே அறிமுகப்படுத்தினார். அவரது இளமையைக் கூறும் புதினங்களைப் பின்னரே எழுதினார். தொலைக்காட்சித் தொடருக்கு அடிப்படையானவை இந்தப் பிற்காலப் புதினங்களே:

* மிஸ்டர் மிட்ஷிப்மேன் ஹார்ன்புளோவர் (1950)
* லெப்டினன்ட் ஹார்ன்புளோவர் (1952)
* ஹார்ன்புளோவர் அண்ட் த ஹாட்ஸ்பர் (1962)

எட்டுத் தொலைக்காட்சிப் படங்களைக் கொண்ட இத்தொடரில் யோவான் கிரிஃபித் ஹார்ன்புளோவராகவும், ராபர்ட் லின்ட்சே கப்பல் தலைவர் பெல்லூவாகவும் நடித்தனர். எட்வர்ட் பெல்லூ வரலாற்றில் வாழ்ந்த அதிகாரி ஆவார். புதினத்தில் சிறிய பாத்திரமான ஆர்ச்சி கென்னடி, தொடரில் நாயகனின் நெருங்கிய நண்பராக விரிவாக்கப்பட்டார். இத்தொடர் 1999இல் சிறந்த குறுந்தொடருக்கான எம்மி விருதைப் பெற்றது.