மறைந்த பின்னும் ஒலித்த குரல்



நத்தார் காலம் வந்துவிட்டால் நம் நாட்டின் வீடுகளிலும் கடைத்தெருக்களிலும் தவறாது ஒலிக்கும் ஆங்கிலக் குரல் ஒன்றை நீங்கள் அறிவீர்கள். தாழ்ந்த, கனிவான அந்தக் குரலுக்கு உரியவர் ஜிம் ரீவ்ஸ். அவர் இவ்வுலகை விட்டுச் சென்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன.

ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், 1923 ஓகஸ்ட் 20ஆம் திகதி, ஏழை விவசாயக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். கைக்குழந்தையாய் இருக்கும்போதே தந்தையை இழந்தார். தாயாரே பாடுபட்டுப் பிள்ளைகளை வளர்த்தார். இளைஞரானபோது பேஸ்போல் வீரராகத் திகழ வேண்டுமென்று கனவு கண்டார். உடலில் ஏற்பட்ட காயம் அக்கனவைக் கலைத்தது. பின்னர் வானொலி அறிவிப்பாளராகிப் படிப்படியாகப் பாடகரானார்.

ஆரம்பத்தில் மற்றவர்களைப் போன்று அவரும் உரத்த குரலிலேயே பாடினார். காலப்போக்கில் ஒலிவாங்கிக்கு மிக அருகில் நின்று, பக்கத்தில் இருப்பவரோடு பேசுவது போல் மெதுவாகப் பாடத் தொடங்கினார். குரலைத் தாழ்த்தியபோதே அது உலகெங்கும் சென்றடைந்தது என்பது சிந்திக்கத்தக்கது. 1963இல் நத்தார் பாடல்கள் பன்னிரண்டைக் கொண்ட இசைத்தட்டு ஒன்றை வெளியிட்டார்.

1964 ஜூலை 31ஆம் திகதி, தானே ஓட்டிவந்த சிறிய விமானம் நாஷ்வில் நகருக்கு அருகே இடிமழையில் சிக்கி வீழ்ந்து நொறுங்கியது. அவரும் அவருடன் பயணித்த பியானோ இசைக்கலைஞரும் உயிரிழந்தனர். இரண்டு நாள் தேடலின் பின்னரே உடல்கள் மீட்கப்பட்டன. அவருக்கு வயது நாற்பது.

கதை அத்துடன் முடியவில்லை. அவர் விட்டுச்சென்ற ஒலிப்பதிவுகளை மனைவி மேரி கருத்தோடு பேணி, வெளிவரச் செய்தார். அவற்றுள் ஒன்று 'தொலைதூர முரசுகள்' எனப் பொருள்படும் பாடல். மாதிரிக்காக எளிமையாகப் பதிவு செய்யப்பட்ட அப்பாடலுக்கு அவர் மறைந்த பின்னரே வாத்தியக் குழுவின் இசை சேர்க்கப்பட்டது. பீட்டில்ஸ் போன்ற இளைஞர் குழுக்கள் கோலோச்சிய 1966ஆம் ஆண்டில், அது பிரித்தானிய இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் ஐந்து வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. உயிரோடு இருந்தபோது அந்நாட்டில் ஒருமுறையேனும் அவர் எட்டாத இடம் அது.

அன்பானவர்களே, அந்தச் சாதாரண மாதிரிப் பதிவின்போது அவர் அசட்டையாகப் பாடியிருந்தால் என்னவாகியிருக்கும்? பிற்காலத்தில் உலகம் கேட்கும் என்று அறியாமலே, உள்ள திறனை முழுமையாக அதில் இட்டார். நம் வாழ்விலும் இத்தகைய வேளைகளே மிகுதி. மாலையில் பிள்ளைகளைக் கூட்டிச் செபமாலை சொல்லும் தாய், மறைக்கல்வி வகுப்பில் நாலைந்து பிள்ளைகளுக்குப் பொறுமையோடு கற்பிக்கும் ஆசிரியர், நோயுற்ற பெற்றோரை இரவில் கண்விழித்துப் பராமரிக்கும் மகன் ஆகியோரை எவரும் கைதட்டிப் பாராட்டுவதில்லை. ஆயினும் நிலத்தில் மடியும் கோதுமை மணி பலன் தருவது போல, அவர்களுக்குப் பின்னர் அச்செயல்கள் பிள்ளைகளின் உள்ளங்களில் ஒலித்துக்கொண்டிருக்கும்.

இன்னுமொன்றையும் மறவாதிருப்போம். அந்த ஐந்து வாரப் புகழை ஜிம் ரீவ்ஸ் கேட்கவில்லை. உலகின் கைதட்டல் கல்லறையைக் கடப்பதில்லை. அன்புடன் ஒப்புக்கொடுக்கும் செபமும் திருப்பலியும் கடக்கின்றன. நம்மை விட்டுப் பிரிந்தோரின் குரல்களை ஒலிநாடாவிலும் நினைவிலும் போற்றும் நாம், அவர்களுக்காகச் செபிக்கிறோமா? இன்றிரவு குடும்பச் செபத்தில் அவர்களுடைய பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி மன்றாடுவோம். யாரும் கேளாத வேளையிலும் நம் பாடலை நேர்மையாகப் பாடிட, கேட்கின்ற இறைவன் அருள்புரிவாராக.