ஆண்டு போடாத பழைய கோவை மேப்... வயதைக் கண்டுபிடிப்பது எப்படி? யார் இந்த காலின் மெக்கன்சி?

பழைய கோயம்புத்தூர் மேப் ஒன்று உங்கள் கைக்கு வருகிறது. தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்ததாக இருக்கலாம், ஆன்லைனில் ஆசைப்பட்டு வாங்கியதாகவும் இருக்கலாம். ஆண்டு அச்சிட்டிருந்த மூலை மட்டும் கிழிந்துபோயிருக்கிறது. எந்தக் காலத்து மேப் இது?

நகர மேப் என்றால் ஆர்.எஸ்.புரம்காரர்கள் முதலில் தங்கள் தெருவைத்தான் தேடுவார்கள். இல்லையென்றால் வருத்தப்பட வேண்டாம். நகராட்சித் தலைவராக இருந்த ரத்தினசபாபதி முதலியாரின் பெயரைத் தாங்கி நிற்கும் இந்த ஏரியாவே 20-ம் நூற்றாண்டில் வந்ததுதான்.

மாவட்ட மேப் என்றால் தடயங்கள் நிறைய. நீலகிரி கோவை மாவட்டத்துக்குள் இருந்தால், அது 1868-க்கு முந்தைய எல்லை. மேட்டுப்பாளையத்துக்கு ரயில் கோடு போனால், மேப் 1873-க்கு முன்னால் வந்திருக்க வாய்ப்பில்லை. அந்தக் கோடு குன்னூருக்கு ஏறினால் 1899-க்குப் பிறகு, ஊட்டியைத் தொட்டால் 1908-க்குப் பிறகு. கரூர் கோவையோடு இருந்தால் 1910-க்கு முன்பு. கொள்ளேகால் நம்மோடு இருந்தால் 1956-க்கு முன்பு.

இங்கே ஒரு எச்சரிக்கை. மேப்பில் ஒன்று 'இருப்பது' வலுவான சாட்சி. 'இல்லாதது' அவ்வளவு வலுவானதல்ல. அச்சகத்தார் பழைய தகட்டையே வைத்துக்கொண்டு, புது ரயில் பாதையை மட்டும் செதுக்கிச் சேர்த்து மறுபடி விற்பார்கள். விக்டோரியா மகாராணி காலத்தில் இங்கிலாந்தின் ஒவ்வொரு கவுண்டிக்கும் வெளியான சுற்றுலா மேப்களைச் சேகரிப்பவர்களுக்குப் பெரிய தலைவலியே இதுதான். ஆண்டு போட்டால் பழைய சரக்கு என்று தெரிந்துவிடுமே என்று, பல பதிப்பாளர்கள் ஆண்டைப் போடாமலே விட்டார்கள். அதனால் மேப்பில் உள்ளவற்றிலேயே கடைசியாக வந்தது எது என்று பார்ப்பதுதான் சேகரிப்பவர்களின் வழி.

சரி, இந்த ரயில் தடயமெல்லாம் 1860-களுக்குப் பிறகுதான் உதவும். அதற்கு முந்தைய தென்னிந்திய மேப்கள் பக்கம் போனால், ஒரு பெயரைத் தாண்டிப் போகவே முடியாது: காலின் மெக்கன்சி. மேப் போடும் ஊரின் கதையையும் காலத்தையும் சேர்த்தே எழுதிவைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர்.

சுங்க ஆபீஸிலிருந்து கோயம்புத்தூருக்கு

1754-ல் ஸ்காட்லாந்தின் வடமேற்கே லூயிஸ் தீவில், ஸ்டோர்னோவே என்ற துறைமுக ஊரில் பிறந்தவர் மெக்கன்சி. உள்ளூர் சுங்க அலுவலகத்தில் வேலை. கணக்கில் ஆர்வம் அதிகம். லாகரிதம் தந்த ஜான் நேப்பியரின் வாழ்க்கை வரலாற்றை எழுத, அவர் வம்சத்தில் வந்த ஒரு பிரபு திட்டமிட்டிருந்தார். அதற்காக இந்தியர்களின் பழைய கணிதம் பற்றித் தகவல் திரட்டும் பழக்கம் மெக்கன்சிக்கு வந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து 1783-ல் சென்னையில் வந்து இறங்கியபோது வயது கிட்டத்தட்ட 30. இன்றைக்கு கரியர் மாற்றுகிறவர்கள் கவனிக்க! வந்த புதிதிலேயே அவர் வேலை பார்த்தது கோயம்புத்தூர், திண்டுக்கல் சீமைகளில். அப்போது இதெல்லாம் மைசூர்ப் போர்களின் களம். மதுரைக்கும் போனார், நேப்பியர் பிரபுவின் மகள் அங்கே குடியிருந்தார். அங்கே பண்டிதர்களோடு ஏற்பட்ட பழக்கத்தில்தான் சுவடிகள் மீது ஆசை வந்தது. ஆனால் அடுத்த பல வருடங்கள் போர், கோட்டை, முற்றுகை என்றே ஓடின.

திருப்பம் 1796-ல். காவலி வெங்கட போரய்யா என்ற தெலுங்கு இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். தமிழ், தெலுங்கு, கன்னடம், சமஸ்கிருதம் எல்லாம் அவருக்கு அத்துப்படி. மெக்கன்சிக்கோ இந்திய மொழி எதுவும் சரியாக வராது, கடைசிவரை வரவில்லை. அவர் சேகரித்த அத்தனையையும் படித்ததும், நகலெடுத்ததும், மொழிபெயர்த்ததும் போரய்யா போன்றவர்கள்தான். மெக்கன்சி கலெக்‌ஷன் என்ற பெயரைக் கேட்கும்போதெல்லாம் இது ஞாபகத்தில் இருக்க வேண்டும்.

மேப்போடு கதையும்

1799-ல் திப்பு வீழ்ந்தார். கோவை கம்பெனி கைக்கு வந்தது. மைசூரை அளக்கும் பொறுப்பு மெக்கன்சியிடம் வந்தது. 40,000 சதுர மைலுக்கு மேல் பரப்பு. கம்பெனிக்குத் தேவை வரி வசூலும் படை நகர்த்த வழியும்தான். அதில் சந்தேகமே வேண்டாம். மெக்கன்சி அதோடு நிற்கவில்லை. எல்லைக் கல், ஏரி, சாலையைக் குறித்த கையோடு, ஊர்க் கணக்குப்பிள்ளையிடம் உள்ள ஏடு, கோயில் கல்வெட்டு, பாளையக்காரரின் வம்சாவளி என எல்லாவற்றையும் எழுதி வாங்கச் சொன்னார். ஏழு தொகுதிக் குறிப்புகளோடு ஒரு அட்லஸும் உருவானது.

ஏறக்குறைய அதே நேரத்தில் வில்லியம் லாம்டன் தென்னிந்தியாவை முக்கோணங்களாக அளந்துகொண்டிருந்தார். 1802-ல் பரங்கிமலையில் தொடங்கி, 1806-ல் கோவைப் பகுதியிலும் ஒரு அடிக்கோட்டை அளந்தார். லாம்டனுக்குத் தேவை துல்லியமான புள்ளி. மெக்கன்சிக்கோ அந்தப் புள்ளியில் யார் வாழ்ந்தார்கள் என்ற விவரமும் வேண்டும்.

களத்தில் சங்கிலி பிடித்தவர்களில் சென்னை சர்வே பள்ளிப் பையன்களும் உண்டு. 1794-ல் தொடங்கிய அந்தப் பள்ளிதான் பின்னாளில் கிண்டி இன்ஜினீயரிங் காலேஜ் ஆனது. அப்படி வந்த பெஞ்சமின் வார்டு 1821-ல் நீலகிரியை அளந்தார். அப்போது அது கோவை மாவட்டம்.

போரய்யா 1803-ல், இருபதுகளிலேயே இறந்துபோனார். தம்பி லட்சுமய்யா பொறுப்பேற்றார். மெக்கன்சி 1810-ல் சென்னை மாகாண சர்வேயர் ஜெனரல் ஆனார். இடையில் ஜாவா படையெடுப்பு, அங்கேயே திருமணம். 1815-ல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் பதவி. 1816-ல் தாமஸ் ஹிக்கி வரைந்த ஓவியத்தில் சிவப்புக் கோட்டோடு நிற்கும் அவரைச் சுற்றி இந்திய உதவியாளர்களும் இருக்கிறார்கள். ஒரு கம்பெனி அதிகாரியின் படத்தில் இது கொஞ்சம் அபூர்வம்.

சேகரித்ததையெல்லாம் வகைப்படுத்திப் பெரிய புத்தகமாக எழுத வேண்டும் என்பது அவர் கனவு. ஒரு பக்கம்கூட வரவில்லை. 1821 மே 8-ம் தேதி கல்கத்தா அருகே ஹூக்ளி ஆற்றில் இறந்தார். விட்டுச்சென்றது 1,568 சுவடிகள், 8,076 கல்வெட்டு நகல்கள், 6,218 நாணயங்கள், 2,630 ஓவியங்கள், 79 வரைபடங்கள். சொந்தக் காசு 15,000 பவுண்டுக்கு மேல் போட்டிருந்ததாக அவருடைய நண்பர் பின்னர் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னார். கம்பெனி அவர் மனைவிக்குக் கொடுத்தது 10,000 பவுண்டு.

கொங்குக்கு என்ன கிடைத்தது?

இந்தக் குவியலில் 'கொங்குதேச ராஜாக்கள்' என்ற தமிழ்ச் சுவடியும் ஒன்று. ரட்டர்கள், கங்கர்கள், சோழர்கள் என்று தொடங்கி மைசூர் அரசர்கள் வரை கொங்கை ஆண்டவர்களின் பட்டியல், சக ஆண்டுக் கணக்கோடு. சக ஆண்டோடு 78 கூட்டினால் கி.பி. வந்துவிடும். ஆகா, கொங்கு வரலாறு முழுக்க ஆண்டோடு கிடைத்துவிட்டது என்று 19-ம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் மகிழ்ந்தார்கள். பிறகு கல்வெட்டுகளை வைத்துச் சரிபார்த்தபோதுதான் சிக்கல். ஆரம்பகால அரசர்களுக்குப் போட்டிருக்கும் ஆண்டுகள் நம்பும்படி இல்லை.

அப்போ சுவடி பொய்யா? அப்படியும் சொல்லிவிட முடியாது. மறுபதிப்பு மேப் மாதிரிதான் இதுவும். பழைய தகடு, அதன் மேல் பிற்காலச் செதுக்கல். அதில் கடைசியாக வரும் அரசர்கள் யார் என்று பார்த்தால், இது எழுதப்பட்ட காலம் தெரிந்துவிடும். முதல் அரசரின் ஆண்டை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 1950-ல் இது சென்னையில் அச்சாகி வந்தபோது பதிப்பித்தவர் நம்ம கோவைகிழார் ராமச்சந்திரன் செட்டியார்.

மெக்கன்சி இறந்த பிறகு, பாதியில் நின்ற வேலையைத் தொடர அனுமதி கேட்டு லட்சுமய்யா விண்ணப்பித்தார். கால் நூற்றாண்டு அந்தச் சுவடிகளோடு வாழ்ந்தவர் அவர். கல்கத்தாவின் ஆசியாட்டிக் சொசைட்டி மறுத்துவிட்டது. தனித்து ஆய்வு நடத்தும் திறன் ஓர் இந்தியருக்கு இருக்காது என்பது அவர்கள் எண்ணம். சேகரிப்பில் ஒரு பகுதி லண்டன் போனது. தென்னிந்திய மொழிச் சுவடிகளில் பெரும்பகுதி சென்னைக்குத் திரும்பியது. அவை இன்றும் அரசு கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கின்றன.