றொபேட் நொக்ஸ் (1641 – 1720)

மாணவர்களே, சிறை என்றதும் மதிலும் பூட்டும்தானே உங்கள் நினைவுக்கு வரும்? இவை இரண்டும் இல்லாத சிறையில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர் றொபேட் நொக்ஸ்.

இவர் இலண்டனில் பிறந்தவர். தந்தை தலைமை தாங்கிய 'ஆன்' என்னும் கப்பல் 1659இல் புயலில் பாய்மரத்தை இழந்தது. அதனைத் திருத்துவதற்காகக் கொட்டியாரக் குடாவில் தங்கியிருந்தபோது, 1660 ஏப்ரலில், இரண்டாம் இராசசிங்க மன்னனின் ஆட்கள் தந்தையும் மகனும் உட்படப் பதினாறு பேரைப் பிடித்துச் சென்றனர். அவர்கள் கண்டி இராச்சியத்தின் கிராமங்களில் பிரித்து வைக்கப்பட்டனர். ஊரார் உணவளித்தனர். நடமாடத் தடையில்லை, ஆனால் நாட்டைவிட்டு வெளியேறும் வழிகளில் முட்கதவுகளும் காவலும் இருந்தன.

1661 பெப்ரவரியில் தந்தை காய்ச்சலால் இறந்தார். இருபது வயது மகன், தானும் நோயுற்றிருந்த நிலையில், அவரைப் புதைத்தார். கையில் இருந்தவை இரண்டு சமய நூல்கள் மட்டுமே. திரும்பத் திரும்பப் படித்ததால் அவை ஏறக்குறைய மனப்பாடமாகிவிட்டன.

ஒருநாள் ஓடையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது, முதியவர் ஒருவர் விற்க வைத்திருந்த ஒரு புத்தகம் அவரிடம் வந்தது. போர்த்துக்கேயர் கொழும்பை இழந்தபோது அந்த முதியவருக்குக் கிடைத்தது அது. திறந்து பார்த்தால் ஆங்கில வேதாகமம்! மகிழ்ச்சியோடு பயமும் வந்தது: அதை வாங்கப் பணம் போதுமா? இறுதியில், தான் பின்னி விற்கும் தொப்பிகளில் ஒன்றைக் கொடுத்தே அதைப் பெற்றுக்கொண்டார்.

முதலில் கண்ணில் பட்டது அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரம், 30, 31ஆம் வசனங்கள். பவுலும் சீலாவும் பிலிப்பி நகரில் அடிக்கப்பட்டு, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டுக் கிடந்த இரவு அது. பூமி அதிர்ந்து கதவுகள் திறந்தும் அவர்கள் ஓடவில்லை. இரட்சிப்புக்கு வழி கேட்டவன் கைதி அல்லன், சிறைக்காவலன் என்பதைக் கவனியுங்கள். இவ்வசனம் நொக்ஸின் விடுதலையை முன்னறிவித்தது என்று எழுதிவிடாதீர்கள். பல ஆண்டுகள் அவர் அதே சிறையில்தான் இருந்தார். விடுதலைக்கு முன்பே அவருக்குக் கிடைத்தது ஆறுதல்.

தொப்பி பின்னினார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார், ஊர் ஊராகப் பொருள் விற்றார். அவ்வியாபாரமே வழிகளைக் கற்றுக்கொடுத்தது. 1679 ஒக்டோபரில் ஸ்டீபன் றட்லண்ட் என்ற தோழருடன் அநுராதபுரக் காடுகள் வழியாக ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார். பிடிபட்ட வேறு பலர் இங்கேயே தங்கிவிட்டனர்.

அவரது நூல் 1681இல் இலண்டனில் வெளியானது. அன்று கண்டி இராச்சியத்தின் பகுதியாயிருந்த நமது ஊவாவும் அதில் உண்டு. தேயிலை வருவதற்கு நெடுங்காலம் முன்பு, மரங்கள் குறைந்த, மாடுகள் நிறைந்த, நல்ல புகையிலை விளையும் நாடாக அதை எழுதியிருக்கிறார்.