மல்லாட்டை வந்த வழி

எங்கள் ஊர்ப் பக்கம் நிலக்கடலையை யாரும் அப்பெயரால் அழைப்பதில்லை. மல்லாட்டை என்பதே எங்கள் வழக்கு. மணிலாக்கொட்டை என்ற பெயர்தான் நாளடைவில் மருவி அவ்வாறு ஆயிற்று என்பதைக் கல்லூரிக்கு வந்த பிறகே அறிந்தேன். மணிலா எங்கே, செய்யாறு எங்கே! அந்த மணிலாவையும் அமெரிக்காவையும் ஒரே கடல்வழியில் கோக்கக் காரணமானவர் ஒரு மாலுமி. அவரே பெர்டினாண்டு மெகல்லன்.

1480ஆம் ஆண்டையொட்டிப் போர்ச்சுகலில் பிறந்த அவர், முதலில் வந்தது நம் நாட்டுக்குத்தான். 1505இல் அல்மெய்டாவின் கப்பற்படையில் எளிய வீரராக வந்தார். 1511இல் மலாக்காவைப் போர்ச்சுகீசியர் பிடித்தபோது உடனிருந்தார். அங்கே என்ரிக் என்ற மலாய் இளைஞனை அடிமையாகப் பெற்றார். பின்னர் மொராக்கோவில் காலில் காயம்பட்டு, கடைசிவரை தாங்கித் தாங்கி நடந்தார். அவருடைய வேண்டுகோள்களைப் போர்ச்சுகல் மன்னர் ஏற்கவில்லை. மனம் வெறுத்து 1517இல் ஸ்பெயின் சென்றார்.

கிராம்பு விளையும் தீவுகளை மேற்குத் திசையாகவே சென்று அடையலாம் என்பது அவர் துணிபு. ஸ்பெயின் மன்னர் ஐந்து கப்பல்களைத் தந்தார். 1519 செப்டம்பரில் ஏறத்தாழ 250 பேருடன் புறப்பட்டார். வழியில் கலகம் மூண்டது. அதைக் கொடுமையாக அடக்கினார். ஒரு கப்பல் உடைந்தது. ஒன்று திரும்பி ஓடியது. எஞ்சிய மூன்றுடன் 1520 நவம்பரில் தென் அமெரிக்காவின் முனையிலுள்ள நீர்ச்சந்தியைக் கடந்தார். அது இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அப்பால் விரிந்த பெருங்கடலுக்கு அமைதிக்கடல் என்று பெயரிட்டார். அதைக் கடக்க மூன்று மாதங்களுக்கு மேல் ஆயின. மாலுமிகள் எலியையும் தோலையும் தின்று உயிர் காத்தனர்.

பிலிப்பைன்ஸ் தீவுகளை அடைந்தவர், அங்கிருந்த தலைவர்களின் பூசலில் தலையிட்டார். 1521 ஏப்ரல் 27இல் மாக்டான் கரையில் லாபுலாபுவின் வீரர்கள் அவரைக் கொன்றனர். உலகைச் சுற்றி முடித்தவர் அவர் என்று பலரும் எண்ணுவது தவறு. எல்கானோவின் தலைமையில் விக்டோரியா என்ற ஒரே கப்பல், 1522இல் 18 பேருடன் ஸ்பெயின் திரும்பியது.

அவர் மறைந்தார், வழி மறையவில்லை. 1571இல் மணிலா ஸ்பெயினியர் வசமாயிற்று. மெக்சிகோவின் அகாபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே 1815 வரை கப்பல்கள் ஓடின. அங்கிருந்து வெள்ளி வந்தது. இங்கிருந்து சீனப்பட்டு சென்றது. ஆரணியில் தறி முன் அமர்ந்திருக்கும் நம்மவர்க்குப் பட்டின் மதிப்பைச் சொல்லவும் வேண்டுமோ! அமெரிக்கப் பயிர்களும் கடல் கடந்து ஆசியாவில் வேரூன்றின. தென் அமெரிக்கப் பழங்குடியினர் பயிராக்கிய கடலை, நம் மானாவாரிக் கொல்லைக்கும் வந்து சேர்ந்தது.

ஆனால் விலை கொடுத்தவர் யார்? மெகல்லன் நீர்ச்சந்தியைத் தேடிய அதே 1520இல், ஐரோப்பியருடன் வந்த பெரியம்மை மெக்சிகோ மக்களைக் கொத்துக் கொத்தாய் மாய்த்தது. பொட்டோசி மலையின் வெள்ளிக்காகப் பழங்குடியினர் கட்டாய வேலையில் மடிந்தனர்.

என் தாயார் கூலிக்கு மல்லாட்டை உரித்துத்தான் என் தேர்வுக் கட்டணத்தைக் கட்டினார். எழுத்தறியாத அவருக்கு ஒருநாள் இந்தக் கதையைச் சொன்னேன். உரித்துக்கொண்டே கேட்டவர், மெகல்லனைப் பற்றி ஒன்றும் வினவவில்லை. முதன்முதலில் இதை விதைத்தவர்களின் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்களா என்று மட்டும் கேட்டார். அவர்கள் வழிவந்தோர் பொலிவியாவில் இன்னும் கடலை பயிரிடுகிறார்கள் என்றேன். நன்றாக இருக்கிறார்களா என்பதற்கு என்னிடம் விடை இல்லை.

வரலாறு படிக்கும் நண்பர்களே, கப்பலோட்டியவரின் பெயர் நமக்குத் தெரியும். விதைத்தவரின் பெயர் தெரியாது. நாம் உண்பதோ விதைத்தவரின் உழைப்பை அன்றோ!