ஆந்திரேயாஸ் குருன்ட்சிக்

ஆந்திரேயாஸ் குருன்ட்சிக் (ஜூன் 25, 1939 - அக்டோபர் 27, 1985) ஜெர்மனியில் பிறந்த இதயநோய் மருத்துவர் ஆவார். சுருங்கிய இதயத் தமனியை, மார்பைத் திறக்காமல் பலூன் மூலம் விரிக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி சிகிச்சையை முதன்முதலில் செய்தவர் இவரே.

வாழ்க்கை

டிரெஸ்டன் நகரில் பிறந்த இவர், லைப்சிக்கில் பள்ளிக் கல்வியை முடித்தபின் மேற்கு ஜெர்மனி சென்று ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். 1969 இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் பல்கலைக்கழக மருத்துவமனையில் பணியில் சேர்ந்தார்.

பலூன் குழாய்

1964 இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் டாட்டர், ஒன்றைவிட ஒன்று தடித்த குழாய்களைச் செலுத்திக் கால் தமனியின் அடைப்பை விரித்தார். ஆனால் தடித்த குழாய்கள் இதயத்துக்கு ஏற்றவை அல்ல. எனவே மெல்லிய குழாயின் நுனியில் பலூனைப் பொருத்த குருன்ட்சிக் முயன்றார். சாதாரண ரப்பர் பலூன் அடைப்பை அழுத்தாமல் இருபுறமும் உப்பிவிடும். ஆகையால் குறித்த அளவுக்கு மேல் விரியாத பி.வி.சி. பலூனைத் தன் வீட்டுச் சமையலறையில் உருவாக்கினார். 1974 இல் அதைக் கால் தமனியில் பயன்படுத்தினார்.

முதல் இதய சிகிச்சை

விலங்குகளில் செய்த சோதனைகளை 1976 இல் அமெரிக்காவில் விளக்கியபோது பலர் ஐயுற்றனர். தமனி கிழிந்தாலோ முழுதும் அடைபட்டாலோ நோயாளி இறக்க நேரிடலாம். செப்டம்பர் 16, 1977 அன்று, அறுவை சிகிச்சைக் குழு ஆயத்தமாக நிற்க, விழித்திருந்த 38 வயது நோயாளியின் தமனியை விரித்தார். பத்தாண்டுகளுக்குப் பின்னும் அத்தமனி திறந்தே இருந்தது.

1979 இல் வெளியிட்ட முதல் 50 நோயாளிகளின் முடிவுகளில், 32 பேருக்கு மட்டுமே வெற்றி கிட்டியதையும், ஐவருக்கு அவசர பைபாஸ் தேவைப்பட்டதையும் மறைக்காமல் பதிவு செய்தார்.

பைபாஸுக்குப் பிந்தைய சுருக்கம்

பைபாஸில் ஒட்டப்படும் கால் சிரைகள் நாளடைவில் சுருங்கக்கூடும், நெஞ்சுவலி திரும்பலாம். சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்கதிர்ப் படம் சுருக்கம் உள்ள இடத்தைக் காட்டும். மறுமுறை மார்பைத் திறப்பது முதல் அறுவையைவிட ஆபத்தானது. எனவே இத்தகையோருக்கு இவரது முறை மாற்றுவழியாயிற்று. எனினும் பழைய சிரையின் படிவுகள் உதிர்ந்து கீழ்நோக்கிச் சென்று அடைக்கும் அபாயம் உண்டு. விரித்த தமனி மீண்டும் சுருங்குவதைக் குறைக்க, 1986 முதல் ஸ்டென்ட் பயன்பாட்டுக்கு வந்தது.

இறப்பு

1980 இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் சேர்ந்த குருன்ட்சிக், தாமே ஓட்டிய விமானம் ஜார்ஜியா மாநிலத்தில் விழுந்ததில் தமது 46 ஆம் வயதில் இறந்தார். ஸ்டென்ட்டின் வருகையை அவர் காணவில்லை.