மைக் இல்லாத கிட்டப்பா

செங்கோட்டை கங்காதர ஐயர் கிட்டப்பா பிறந்தது 1906-ல். பொடிப் பையனாக இருந்தபோதே நாடக மேடை ஏறிட்டார். அப்புறம் கன்னையா கம்பெனி. அவங்க 'தசாவதாரம்' நாடகத்தில் இவர் பாட்டுக்கென்றே கூட்டம் கூடும்.

கொட்டகையில் மைக் கிடையாது. கடைசி வரிசைக்கும் குரல் போகணும். போச்சு.

எப்படி? முழுத் தொண்டையில் பாடினாலும் மனுஷனிடமிருந்து வருகிற ஒலிச்சக்தி ஒரு வாட்டுக்குள்தான். நம்ம ஹாஸ்டல் ரூம் ஸ்பீக்கரே 50 வாட்ஸ் என்று சிரிக்காதீங்க. அது ஆம்ப்ளிஃபையர் தருகிற மின்சக்தி. வீட்டு ஸ்பீக்கர் அதில் சுமார் 1 சதவீதத்தைத்தான் ஒலியாக மாற்றும், மிச்சம் சூடாப் போயிடும். ஆக அரை வாட். கிட்டப்பாவோட மோத அது பத்துமா என்பதே சந்தேகம்!

சரி, 100 வாட்ஸ் வாங்கினால் சத்தம் இரட்டிப்பாகுமா? ஆகாது. சக்தி இரட்டித்தால் ஏறுவது 3 டெசிபல். காதுக்கு லேசாகக் கூடின மாதிரி இருக்கும், அவ்வளவுதான். இரண்டு மடங்கு சத்தமாகத் தோண 10 டெசிபல் ஏறணும், அதாவது பத்து மடங்கு சக்தி. தாம்பரம் கடைகளில் அட்டைப்பெட்டி மேல் ஆயிரக்கணக்கில் போட்டிருக்கிற பி.எம்.பி.ஓ. வாட்ஸ் வேற கதை. அதைப் பார்த்துக் காசை எடுக்காதீங்க, ஆர்.எம்.எஸ். எவ்வளவுன்னு கேளுங்க.

இன்னொண்ணு, நம்ம காது எல்லா அதிர்வெண்ணையும் ஒரே மாதிரி கேட்காது. 3000 ஹெர்ட்ஸ் பக்கம் அது ரொம்பக் கூர்மை. உச்ச ஸ்தாயியில் குரலெடுத்துப் பாடும்போது சக்தி அந்தப் பக்கம் கூடும். கிட்டப்பா பேர் வாங்கினதே அந்த உச்சத்தில்தான்.

1926-ல் கொழும்பு நாடக மேடையில் கே.பி. சுந்தராம்பாளோடு ஜோடி சேர்ந்தார். பிறகு மணந்துகொண்டார்கள். அவரும் மைக் தேவைப்படாத குரல்காரர். அந்த வாழ்க்கை நீளலை. 1933 டிசம்பர் 2-ல் கிட்டப்பா போய்ச் சேர்ந்தார். வயது 27. 25 வயசு சுந்தராம்பாள் வெள்ளைப் புடவைக்கு மாறினார். எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1935-ல் வந்த 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே அவர்தான் நடித்தார்.

கிட்டப்பாவோட இசைத்தட்டுகள் மிஞ்சியிருக்கு. ராகம் இருக்கு, பிருகா இருக்கு. நிஜத்தில் எவ்வளவு சத்தமாகப் பாடினார் என்பது அதில் இல்லை. அதை இப்போ நம்ம வால்யூம் பட்டன் தீர்மானிக்குது. யூடியூபில் தேடினால் கிடைக்கும். சானடோரியம் தாண்டும் மின்சார ரயிலில் கேட்டுப் பாருங்க, மிருதங்கம் அமுங்கினாலும் அந்த மேல் ஸ்தாயி கேட்கும்.