பத்து வெள்ளி கேட்டு வந்த அமைச்சர்

1960ஆம் ஆண்டில் பால்மரம் வெட்டும் தொழிலாளிக்கு ஒரு நாள் கூலி ஏறக்குறைய மூன்று வெள்ளி. காலையில் மழை பிடித்துக்கொண்டால் அதுவும் இல்லை. அப்படிப்பட்டவரிடம் 10 வெள்ளி கேட்டு, அதைச் சேர்த்துச் சேர்த்துத் தோட்டத்தையே விலைக்கு வாங்கலாம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அதைச் சொன்னவர் அப்போது நாட்டின் அமைச்சர். சொந்தமாகத் தோட்டம் உள்ள குடும்பத்தில் பிறந்தவர். பின்னாளில் துன் விருது பெற்ற வீ.தி. சம்பந்தன்.

பேராக், சுங்கை சிப்புட்டில் 1919 ஜூன் 16ஆம் தேதி பிறந்தவர் திருஞானசம்பந்தன். தந்தை வீராசாமி 1896இல் மலாயாவுக்கு வந்து, தம் முயற்சியில் ரப்பர் தோட்ட உரிமையாளர் ஆனவர். கூலி ஒப்பந்தத்தில் வந்தவரல்லர். மகன் கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் படித்து, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்றார். இசை படிக்கத்தான் ஆசை. கிடைத்தது கலைத்துறைப் பட்டம். ஆனாலும் இசைப் பற்று கடைசிவரை விடவில்லை. இந்திய விடுதலைப் போராட்டம் கொதித்துக் கொண்டிருந்த காலம் அது. காந்தியடிகளின் வழி அந்த மாணவரின் மனத்தில் ஆழமாகப் பதிந்தது.

போர் முடிந்து ஊர் திரும்பியவர் கண்ட சுங்கை சிப்புட் அமைதியான ஊர் அல்ல. 1948 ஜூன் 16ஆம் தேதி அந்த வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் பிறந்தது. அன்று சம்பந்தனுக்கு 29 வயது நிறைந்த நாள். சுற்றிலும் முள்வேலி, சோதனை, சந்தேகம். அந்தச் சூழலில் அவர் செய்த வேலைகளில் முக்கியமானது ஒரு பள்ளிக்கூடம். சுங்கை சிப்புட் மகாத்மா காந்தி தமிழ்ப்பள்ளி 1954இல் திறக்கப்பட்டது. நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்து வைத்தார்.

மறு ஆண்டே மஇகாவின் ஐந்தாவது தலைவரானார். அதற்கு முந்தைய தலைவர்கள் ஆங்கிலம் படித்த நகரத்துப் பெருமக்கள். கட்சிக் கூட்டத்தில் என்ன பேசுகிறார்கள் என்பது தோட்டத்து லயத்தில் இருப்பவருக்கு எட்டாது. சம்பந்தன் தமிழில் பேசினார். கோயில் நிர்வாகங்கள் வழியாகவும் தோட்டத் தலைவர்கள் வழியாகவும் ஆட்களைச் சேர்த்தார். இதற்காக அவரைக் கேலி செய்தவர்களும் உண்டு. தொழிலாளர், சுகாதாரம், பொதுப்பணி, தபால், தந்தி, தேசிய ஒற்றுமை என்று அமைச்சுகள் மாறின. அந்தப் பட்டியலை நீட்டத் தேவையில்லை. அவரது பெயர் இன்றும் தோட்டத்துப் பெரியவர்களின் நினைவில் நிற்பது வேறு காரணத்தால்.

சுதந்திரம் நெருங்கியபோது வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் பலர் நிலத்தை விற்றுவிட்டுப் புறப்பட விரும்பினர். வாங்கியவர்கள் பெரும்பாலும் கூட்டாகப் பணம் போட்ட வியாபாரிகள். ஆயிரம் ஏக்கர் தோட்டத்தை மொத்த விலைக்கு வாங்கி, பத்து ஏக்கர், இருபது ஏக்கராகக் கூறு போட்டுச் சில்லறை விலைக்கு விற்பார்கள். நல்ல லாபம். கூறு வாங்கியவர் தம் குடும்பத்தோடு மரம் வெட்டிக் கொள்வார், அல்லது குத்தகைக்கு விடுவார். நூறு பேருக்குக் கூலி கொடுக்க அவருக்கு என்ன அவசியம்? தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். பேராசிரியர் உங்கு அஜிஸ் 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடல்களைத் தனி ஆய்வாகவே எழுதும் அளவுக்கு அது பெரிய விவகாரம்.

தொழிலாளிக்கு வேலை மட்டும் போகவில்லை. லயம் தோட்டத்துடையது. பள்ளிக்கூடம் தோட்டத்துடையது. மாரியம்மன் கோயில் நிற்கும் மண்ணும் தோட்டத்துடையதுதான். மூன்று தலைமுறையாக உழைத்த இடத்தில் ஒரு பிடி மண் சொந்தமில்லை என்பது வெளியேறச் சொன்ன நாளில்தான் பலருக்கு உறைத்தது. குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு இருந்தவர்களின் நிலை இன்னும் மோசம்.

அமைச்சரவையில் இருந்தும் சம்பந்தனால் துண்டாடலைச் சட்டத்தால் உடனே நிறுத்த முடியவில்லை. இது அவர்மீது வைக்கப்பட்ட குறை. நியாயமான குறைதான். ஆனால் முடியாததைச் சொல்லி உட்கார்ந்துவிடாமல் முடிந்ததை அவர் செய்தார். 1960 மே 14ஆம் தேதி தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. ஒரு பங்கு 100 வெள்ளி. முதலில் 10 வெள்ளி, மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாம். விற்பனைக்கு வரும் தோட்டத்தைத் துண்டு போடாமல் முழுசாக வாங்குவது, அங்குள்ளவர்களை அங்கேயே வேலையில் வைத்திருப்பது, லாபத்தைப் பங்குக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது. இதுதான் திட்டம்.

கணக்குப் பார்க்கச் சுலபம். நம்ப வைப்பதுதான் கஷ்டம். கூட்டுச் சீட்டுப் பிடித்து ஏமாந்தவர்கள் எல்லாத் தோட்டத்திலும் இருந்தார்கள். சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போனார். உடன் நின்றவர்களில் கே.ஆர். சோமசுந்தரம் முக்கியமானவர். அமைச்சர் என்ற தோரணையில் ஆள் அனுப்பிப் பணம் திரட்டியிருக்கலாம். நேரில் போய்ப் பேசி வாங்கும் 10 வெள்ளிக்கு மதிப்பு வேறு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பால் வாளி தூக்கும் அம்மாக்கள் முந்தானையில் முடிந்து வைத்திருந்த காசும் அதில் சேர்ந்தது.

மறு ஆண்டு, 1961இல், கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. துண்டாகிப் போயிருக்க வேண்டிய தோட்டம் முழுசாக நின்றது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகப் பல தோட்டங்கள் சங்கத்தின் பெயருக்கு வந்தன. பல்லாயிரம் தொழிலாளர்கள் பங்குக்காரர்கள் ஆனார்கள். அரசாங்க மானியத்துக்குக் காத்திராமல் சொந்தக் கூலியிலிருந்து கட்டியது.

இதை வெறும் வெற்றிக் கதையாகச் சொல்லிவிட முடியாது. சங்கம் காப்பாற்றியதைவிடத் துண்டாகிப் போன தோட்டங்களே அதிகம். பங்குக்காரர் ஆன பிறகும் விடியற்காலையில் பெரட்டுக்கு நிற்பது மாறவில்லை. லயத்து வீடும் அவர் பெயருக்கு வரவில்லை. முதலாளி என்ற சொல் தாளில் இருந்தது, கத்தி கையில் இருந்தது என்று சொன்னாலும் தப்பில்லை. இருந்தாலும், பிள்ளை பிறந்த அதே லயத்தில் இருந்துகொண்டு, அதே பள்ளிக்கு அவனை அனுப்ப முடிந்ததே, அதன் விலையை வெளியேற்றப்பட்ட குடும்பங்களிடம்தான் கேட்க வேண்டும்.

ஊருக்கு நிலம் சேர்ந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளில் அவர் வீட்டு நிலம் குறைந்துகொண்டே வந்தது. தந்தை வைத்துவிட்டுப் போன தோட்டச் சொத்தில் பெரும்பகுதி கட்சிக்கும் பொதுக் காரியத்துக்கும் கரைந்தது. பதவிக்கு வந்து சொத்துச் சேர்த்தவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். சொத்தோடு வந்து குறைவாக வைத்துவிட்டுப் போனவர் அபூர்வம். 1956இல் அவரைக் கைப்பிடித்த தோபுவான் உமா, பொதுவாழ்க்கையில் உடன் நின்றார். மனைவியும் மகளுமாகச் சின்னக் குடும்பம்.

1973இல் கட்சிக்குள் நெருக்கடி முற்றியது. 18 ஆண்டுகள் வகித்த தலைவர் பதவி வி. மாணிக்கவாசகத்திடம் சென்றது. மனம் வலித்திருக்கும். அவர் மனிதர்தானே. ஆனால் போட்டிக் கட்சி தொடங்கவில்லை. ஆதரவாளர்களைக் கிளப்பிவிட்டு வீதிக்கு வரவும் இல்லை. 1974 பொதுத் தேர்தலில் சுங்கை சிப்புட் தொகுதி டத்தோ சாமிவேலுவிடம் போனது. சம்பந்தன் தேசிய ஒற்றுமை வாரியத்துக்குத் தலைமையேற்றார். மற்றபடி, தாம் தொடங்கி வைத்த சங்கத்தின் மீதே கவனம் செலுத்தினார்.

1979 மே 18ஆம் தேதி அவர் காலமானார். வயது 59. சங்கத்துக்கு 19 வயது நிறைந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. கோலாலம்பூரில் அதன் தலைமையகக் கட்டடம் இன்று விஸ்மா துன் சம்பந்தன் என்ற பெயரோடு நிற்கிறது.